இந்தக் கோப்பைத் தொலைத்துவிடுங்கள், ஐயா

பெறுநர்: மலைச்சாலையோர மரங்களுக்கு வெள்ளையும் காவியும் பூசவைக்கும் உயர் அதிகாரி அவர்கள்.

பொருள்: ஏலகிரி, ஜவ்வாது மலை மரவாழைகளைக் காக்காமல் விட்டுவைப்பது தொடர்பாக.



எங்கள் மலையின் அரிய பூக்களைக் காப்பாற்றத் தாங்கள் என்றைக்காவது திட்டம் தீட்டிவிடுவீர்களோ என்ற பயத்தில் இதை எழுதுகிறேன்.

மரவாழை என்றால் ஆர்க்கிட். புளி, மா மரக் கிளைகளில் வெளுத்த வேர்களால் பட்டையைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒரு மழை நனைத்தால் போதும், அந்த வெள்ளை வேர் பச்சையாகிவிடும். வாண்டா டெசலேட்டா என்ற இனம் பூத்தால் மஞ்சளும் பழுப்புமான இதழ்களில் கட்டம் கட்டமாகக் கோடு ஓடும், நடுவில் நீல உதடு; மணக்கவும் செய்யும். மரத்திடம் ஒரு சொட்டுச் சாறுகூடக் குடிக்காது, ஒண்ட இடம் மட்டும் கேட்கும். தங்கள் ஒப்பந்ததாரரின் ஆட்களோ அதைப் புல்லுருவி என்று சொல்லிச் சுரண்டி எடுத்துவிட்டு, மரத்தைச் 'சுத்தம்' செய்ததாகப் பில் போடுகிறார்கள்.

போனால் போகட்டும், நர்சரியில் வளர்த்துக்கொள்ளலாம் என்பீர்கள். ஒரு காய்க்குள் தூசு போல ஆயிரக்கணக்கில் விதை இருக்கிறது. விதைக்குள்தான் சாப்பாடு இல்லை. காட்டில் அதற்கேற்ற பூஞ்சை வாய்த்தால்தான் முளைக்கும். பூஞ்சைக்கு டெண்டர் விட முடியாது, ஐயா.

'அரிய மலர், பறிக்காதீர்' என்று போர்டு வைக்கும் யோசனையும் வேண்டாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அந்தச் செடி கார் டிக்கியில் ஏறி, ஏதோ ஒரு பால்கனியில் காய்ந்துபோகும். ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் 1975 முதல் அருகிவரும் உயிரினங்கள் குறித்த பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் பட்டியலில் இருக்கிறதுதான். அது நாட்டு எல்லை தாண்டும் செடிக்கு. ஏலகிரியிலிருந்து வாணியம்பாடிக்கு இறங்கும் செடிக்கு அல்ல.

ஏலகிரிச் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயர்கள். பாரிக்கும் ஒரு வளைவு உண்டு. அவன் இன்று வந்தால், தேரை ரோட்டோரம் நிறுத்தியதற்கு அபராதம் கட்டுவான். முல்லையைச் சாலை அகலப்படுத்தும்போதே வெட்டியிருப்பார்கள்.

அரசாங்கம் காப்பாற்றும் வேகத்தைப் பாலாற்றில் பார்த்துவிட்டோம். தோல் ஷாப்புக் கழிவு வழக்கில் மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொன்னது. 2025 ஜனவரியில் அதே ஆற்றுக்காக அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. ஆவாரம் பட்டையையும் கடுக்காயையும் வைத்துத் தோல் பதனிட்ட ஊர்கள் குரோமியத்துக்கு மாறிய கதை தங்களுக்குத் தெரியாததல்ல. பாலாறு 29 ஆண்டு காத்திருந்தது. மரவாழைக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

ஆர்வம் அடங்கவில்லை என்றால், ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. தங்கள் ஆட்களை அங்கே அனுப்பி, புல்லுருவி எது, மரவாழை எது என்று பார்த்துவரச் சொல்லுங்கள். மற்றபடி கிளையில் கைவைக்க வேண்டாம், விழா எடுக்க வேண்டாம். இந்தக் கடிதத்தையும் ஒரு கோப்பில் சேர்த்துத் தொலைத்துவிடுங்கள். அந்த வேலையில் தங்கள் அலுவலகத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை.

இப்படிக்கு,
வரி கட்டும் மலையடிவாரக் குடிமகன்