செஞ்சிருவோம் தம்பி

கரிசல் மண்ணுக்கு வீடு பிடிக்காது. பருத்தி பிடிக்கும், கம்பும் சோளமும் பிடிக்கும், கொத்தமல்லி ரொம்பவே பிடிக்கும். நாலு சுவரும் மேலே ஒரு தளமுமாக எதையாவது முதுகில் ஏற்றினால் மட்டும் உதறப் பார்க்கும். மழை விழுந்தால் தண்ணீரைக் குடித்து உப்பும். வெயில் ஏறினால் சுருங்கி, கால் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். எல்லாம் அந்தக் களிக்குள் இருக்கிற மான்ட்மொரிலோனைட் என்ற கனிமம் பண்ணுகிற சேட்டை. மண் இப்படி மூச்சு விட விட, மேலே இருக்கிற சுவரும் கூடவே ஏறி இறங்கும். ஏற முடியாத இடத்தில் கீறிக்கொள்ளும். ரூர்க்கியில் இருக்கிற மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் இதற்கென்றே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். அடி பருத்த கான்கிரீட் தூண்களை மண் அசையாத ஆழம் வரை இறக்கி, வீட்டை அதன்மேல் நிறுத்திவிடுவது. எங்கள் வீட்டுக்கார அண்ணாச்சியின் அப்பா அஸ்திவாரம் தோண்டும்போது ரூர்க்கி வரைக்கும் போய் விசாரித்துவிட்டு வரவில்லை.

வீட்டுக்கு என்ன வயது என்று கேட்டால் அண்ணாச்சி வருசத்தைச் சொல்ல மாட்டார். "எம்.ஜி.ஆர் நம்ம அருப்புக்கோட்டையில நின்னு ஜெயிச்சாருல்ல, அந்த வருசம் பால் காச்சினது" என்பார். அதாவது 1977. எம்.ஜி.ஆர். ஜெயித்த கையோடு முதலமைச்சராகிக் கோட்டைக்குப் போய்விட்டார். வீடு இங்கேயே நின்று விரிசல் விட்டது. அதைக் குறை சொன்னால் அண்ணாச்சிக்கு முகம் வாடிவிடும். வீட்டைச் சொல்கிறோமா, தலைவரைச் சொல்கிறோமா என்று அவருக்குச் சந்தேகம்.

நாங்கள் அங்கே இருப்பது ஒத்திக்கு. சென்னைக்காரர்கள் லீஸ் என்கிறார்களே, அதுதான். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டுக் குடி புகுந்தால் மாதவாடகை என்ற பேச்சே கிடையாது. காலி பண்ணும்போது போட்ட பணம் முழுசாகத் திரும்பி வரும். காதுக்கு இனிப்பான ஏற்பாடு. நான் கொடுத்த பணம் அண்ணாச்சியின் மூத்த மகள் கல்யாணத்தில் பவுனாகவும் பந்தியாகவும் மாறியது. அந்தப் பந்தியில் குடும்பத்தோடு உட்கார்ந்து, பாயசத்தை ரெண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டோம். அந்த வகையில் கொஞ்சம் பணம் அன்றைக்கே வசூலாகிவிட்டது. மிச்சத்தை அவராலும் திருப்பித் தர முடியாது, அது வராமல் என்னாலும் கிளம்ப முடியாது. முறித்துக்கொள்ள வழியே இல்லாத சம்பந்தம் அது. பெண் கொடுத்த இடத்தில்கூட அண்ணாச்சிக்கு இவ்வளவு பிடிமானம் இருந்திருக்காது.

அண்ணாச்சியைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். இத்தனை காலத்தில் ஒரு தடவைகூட "முடியாது" என்று சொன்னவர் இல்லை. எதைச் சொன்னாலும் "செஞ்சிருவோம் தம்பி". முடியாது என்கிற ஆளிடம் சண்டை போடலாம், பஞ்சாயத்து வைக்கலாம். செஞ்சிருவோம் என்கிற மனிதரை என்ன செய்வது? அவர் ஏற்கெனவே என் கட்சியில்தானே இருக்கிறார்.

வீட்டில் ரெண்டு கோளாறு. ஒன்று, பின்கட்டு அறையின் ஜன்னல் மூலையிலிருந்து செங்கல் வரிசையைப் பிடித்துப் படிப்படியாக மேலே ஏறுகிற விரிசல். இன்னொன்று மாடித் தளத்தின் ஒழுக்கு. ரெண்டும் ஒரே காலத்தில் இருந்து தொலைத்தால் ஒரே நாளில் கூப்பிட்டுக் காட்டிவிடலாம். கரிசக்காட்டில் அது நடக்காது. சித்திரை, வைகாசியில் மண் காய்ந்து சுவர் வாயைத் திறக்கும். அப்போது தளம் எலும்பாகக் காய்ந்து கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் தளம் ஒழுகும். அதற்குள் மண் உப்பி, சுவர் வாயை மூடியிருக்கும்.

கோடையில் அண்ணாச்சியைக் கூட்டி வந்து விரிசலைக் காட்டினால் விரலை உள்ளே விட்டுப் பார்ப்பார். "பக்கத்து வீட்டுப் பவர்லூம் தம்பி. ராப்பகலா அடிக்கிற அடியில சுவரு என்ன செய்யும், பாவம்" என்பார். அந்தத் தறி வருகிறதற்கு முன்னாலேயே விரிசல் இருந்தது என்றால், "அப்ப அந்தக் காலத்துக் குழித்தறியா இருக்கும்" என்பார். நெசவு ஊரில் குற்றம் சாட்டத் தறிக்கா பஞ்சம்? கடைசியில், "மழை விழட்டும், தன்னால சேந்துக்கிரும்." மழை விழுந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் அவரே வருவார், சுவரைப் பார்க்க. "பாத்தீகளா? வைத்தியமே இல்லாமச் சேந்திருச்சு." அவர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் சோற்றுப் பானைக்குள் சொட்டுச் சொட்டென்று விழும். "அண்ணாச்சி, ஒழுக்கு..." "அது வேற சமாச்சாரம் தம்பி. ஈரத்துல மேல ஏறி வேலை பாக்க முடியுமா? வெயில் வரட்டும்." வெயில் வந்த பிறகு ஞாபகப்படுத்தினால் அண்ணாந்து பார்த்து, "எங்க ஒழுகுது, காட்டுங்க" என்பார். அதற்கும் மேலே போனால், "வருசத்துக்குப் பத்து மழை பெய்யிற ஊரு. மதுரையில இருந்து வந்தவுக, உங்களுக்கு ஒழுக்கு பெருசாத் தெரியுது. நாங்க மழை வந்தாலே சந்தோசப்படுறவுக" என்று நம்மையே குற்றவாளியாக்கிவிடுவார். உண்மையில் மழை நாளில் அவர் முகத்தில் இருக்கிற சந்தோசத்தைப் பார்த்தால் பானையை வைத்ததற்கே நமக்கு வெட்கமாகத்தான் இருக்கும்.

விரிசல் பெரிதாகி ஒரு ரூபாய்க் காசு தாராளமாக உள்ளே போகிற நிலைக்கு வந்தபோது, என் மகள் அதை உண்டியல் என்று முடிவு கட்டிவிட்டாள். பலசரக்குக் கடையில் மிச்சம் வந்த சில்லறையெல்லாம் சுவருக்குள் போய்ச் சேர்ந்தது. ஐப்பசியில் உண்டியல் மூடிக்கொண்டது. வாடகை இல்லாத வீட்டுக்கு நாங்கள் கொடுத்த ஒரே வாடகை அதுதான்.

இடையில் கொத்தனார் ஒருவரை அண்ணாச்சியே அனுப்பினார். பெரிய விசயம். அந்தக் கொத்தனார் விவரமானவர். சும்மா சிமெண்டைக் குழைத்து அப்பிவிட்டுப் போகிறவர் இல்லை. ஜன்னல் கண்ணாடியில் விரல் நீளத்துக்கு ஒரு சில்லு உடைத்து, விரிசலுக்குக் குறுக்கே வைத்து, ரெண்டு முனையிலும் கொஞ்சம் சிமெண்டைப் பூசி, தேதியையும் பென்சிலால் எழுதினார். சுவர் அசைந்தால் கண்ணாடி முறியும், அசையாவிட்டால் அப்படியே இருக்கும். "திறந்து கெடக்கயில அடைச்சா, மழையில மண்ணு உப்பி நெருக்கும். அங்கிட்டு எடம் இல்லன்னு இங்கிட்டு வெடிக்கும். மொதல்ல அது என்ன செய்யுதுன்னு பாப்போம்" என்றார். கண்ணாடி முறிந்தது. அண்ணாச்சி வந்தார், குனிந்தார், முறிந்த சில்லைத் தொட்டுப் பார்த்தார். "சரக்கு சரியில்ல. நல்ல கண்ணாடியா வாங்கி ஒட்டணும்" என்றார்.

அதற்கு மேல்தான் சட்டத்தில் இறங்கினேன். தமிழ்நாட்டில் 1960ஆம் வருசத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017இல் வீட்டு உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமை பொறுப்புகளை முறைப்படுத்தும் புதுச் சட்டம் நிறைவேறி, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் இரண்டாம் அட்டவணையைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டடத்தின் கட்டுமானம் சம்பந்தப்பட்ட மராமத்து வீட்டுக்காரர் பொறுப்பு. வெள்ளையடிப்பதும், கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும்கூட அவர் பொறுப்புதானாம். ஒவ்வொரு பொங்கலுக்கும் வாளியும் மட்டையுமாக நான் நின்ற கோலம் மனதில் வந்துபோனது. குடியிருப்பவர் பங்குக்குக் குழாய் வாஷர், சுவிட்ச், தாழ்ப்பாள், குளியல் தொட்டி, கீசர் என்று போகிறது பட்டியல். தாமிரபரணித் தண்ணீர் நகராட்சிக் குழாயில் என்றைக்கு வரும் என்று நாள் பார்த்துக் குடம் கழுவுகிற ஊரில் குளியல் தொட்டி! கீசரும் வேண்டியதில்லை, சித்திரையில் மொட்டைமாடி சின்டெக்ஸைத் திறந்தால் விளாவுவதற்குத்தான் பச்சைத் தண்ணீர் தேட வேண்டியிருக்கும். குழாய் வாஷர் விசயத்தில் மட்டும் சட்டம் எங்களை நன்றாகவே மாட்டிவிட்டது. எங்கள் போர் தண்ணீரின் உப்புக்குப் பித்தளைக் குழாயே பலகாரம். ஆனாலும் சட்டத்தின் இன்னொரு வரி எல்லாவற்றையும் ஈடுகட்டியது: வீட்டுக்காரர் மராமத்து பார்க்க மறுத்தால் குடியிருப்பவரே பார்த்து, செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம்.

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, திருச்சுழிக்காரரான வக்கீல் நண்பரிடம் ஓடினேன். ஒரு தடவை படித்துவிட்டு, "வாடகை எவ்வளவு?" என்றார்.

"வாடகை இல்ல. ஒத்தி."

"அப்ப எதுல கழிப்பீக?"

எனக்குப் பதில் வரவில்லை. அவர் அதோடு விடாமல் 1882ஆம் வருசத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தை எடுத்தார். வாடகைக்கு இருப்பவன் மராமத்து பார்த்து வாடகையில் கழிக்கிற உரிமை அதிலேயே 108ஆம் பிரிவில் இருக்கிறதாம். வெள்ளைக்காரன் காலத்திலேயே கொடுத்தது. "ஆனா ஒத்தின்னு வந்துட்டா நீங்க குடித்தனக்காரரே இல்ல, கடன் குடுத்தவரு. வீடு உங்க கையில அடமானம். சொத்தைக் கையில வச்சிருக்கிற அடமானக்காரன், அதுல வர்ற வரும்படியில முடிஞ்ச அளவுக்கு அவசியமான மராமத்தப் பாக்கணும்னு 76ஆம் பிரிவு சொல்லுது. இத உங்க அண்ணாச்சி காதுல போட்டுறாதீக" என்றார். கேட்டுவிட்டு வரப்போன இடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்த கதை இது. சட்டத்தை அதோடு மூடினேன். அண்ணாச்சிக்கு 76ஆம் பிரிவு தெரியாது என்பதே பெரிய பாதுகாப்பு என்று அப்போதுதான் புரிந்தது.

என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டோ என்னவோ, "எங்க ஊர்க்காரர் ஒருத்தர் இதுக்கு வழி காட்டியிருக்காரு" என்று சொல்லிவிட்டுக் காப்பிக்குச் சொன்னார். அவர் சொன்னது ரமணரை. 1879இல் திருச்சுழியில், திருமேனிநாதர் கோயிலுக்குப் பக்கத்து வீட்டில் பிறந்தவர். அப்பா சுந்தரமய்யர் அந்த ஊரில் வக்கீல் தொழில் பார்த்தவர் என்பதைச் சொல்லும்போது நண்பரின் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. திருவண்ணாமலை போய், விரூபாட்ச குகையில் ரமணர் வருசக்கணக்காக இருந்தார். குகை ஒரு மடத்துக்குச் சொந்தம். யாருக்கு உரிமை என்று அவர்களுக்குள்ளேயே வழக்கு நடந்தவரைக்கும் தொந்தரவு இல்லை. வழக்கு முடிந்தது, ஜெயித்த தரப்பு, பார்க்க வருகிறவர்களிடம் காசு வசூலிக்க ஆரம்பித்தது. ரமணர் சண்டை போடவில்லை, மனுப் போடவில்லை. எழுந்து வெளியே போய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். வசூல்காரர் விடுவாரா? மரத்துக்குப் போகிற வழியையும் சேர்த்து வளைத்து, வசூல் பண்ணுகிற இடத்தைத் தள்ளி வைத்தார். ரமணர் அங்கிருந்தும் எழுந்து வேறு குகைக்குப் போய்விட்டார். கூட்டம் நின்றது. வெறும் குகையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நீங்கள் இருக்கிறவரை காசு கேட்க மாட்டோம் என்று சொல்லி அவர்களே திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

ஞானிக்குக் கட்டுப்படியாகும், மரத்தடியில் எனக்கு கேஸ் கனெக்‌ஷன் யார் கொடுப்பார்? இருந்தாலும் ஒரு வீம்பில், அண்ணாச்சியிடம் காலி பண்ணுவதாகச் சொல்லிவிட்டேன். அவர் அசரவில்லை. "தாராளமாப் பண்ணுங்க தம்பி. அடுத்த ஒத்திக்கு ஆளு வந்ததும், அவுக குடுக்கிறத அப்படியே உங்க கையில குடுத்துர்றேன்." எவ்வளவு நேர்மை பாருங்கள்.

ஆட்கள் வந்தார்கள். பாளையம்பட்டியிலிருந்து ஒரு வாத்தியார் குடும்பம், பந்தல்குடிப் பக்கம் மில் வேலைக்காரர் ஒருவர், இன்னும் சிலர். வந்தது வைகாசியில். அண்ணாச்சி முன்வாசலில் நின்று காற்று வரும் திசையைக் காட்டிக்கொண்டிருப்பார். என் வீட்டுக்காரி பெண்களைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போவாள். அவள் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டாள். என் மகள்தான் ஆசையாக ஒரு ரூபாயை எடுத்து வந்து சுவருக்குள் போட்டுக் காட்டுவாள். காசு உள்ளே விழுகிற சத்தம் கேட்டதும் வந்தவர்கள், "ஊருக்குப் போயி கலந்துக்கிட்டுச் சொல்றோம்" என்பார்கள். யாரும் சொல்லவில்லை.

ஆடி பிறக்கிறதற்குள் அண்ணாச்சியே வந்தார். திண்ணையில் உட்கார்ந்து, மோர் வாங்கிக் குடித்து, "தங்கச்சி கையில மோருன்னா மோருதான்" என்றெல்லாம் பேசிவிட்டு விசயத்துக்கு வந்தார். "தம்பி, நீங்க எதுக்குப் போறீக? ஒத்திக்கு மேல ஒரு அம்பது போட்டுக் குடுங்க. வேலைய முடிச்சிருவோம். உங்க பணம் எங்க போகப்போகுது, போகயில வாங்கிக்கப் போறீக."

ஒரு நிமிசம் எனக்கு எல்லாமே நியாயமாகத் தெரிந்தது. என் பணத்தில் அவர் வீட்டை அவர் மராமத்து பார்ப்பார். அந்தச் செலவை அவர் எனக்குக் கடன்பட்டிருப்பார். அந்தக் கடனைத் தீர்க்க என்னை மாதிரி இன்னொருவன் வர வேண்டும். விரிசல் இல்லாத வீடு என்றால் அவனும் சீக்கிரம் வருவான். 76ஆம் பிரிவை எழுதிய வெள்ளைக்காரனுக்கே இது தோன்றியிருக்காது. கொடுத்துவிட்டேன்.

பழைய தளத்தைக் கொத்தி எடுத்து, சுண்ணாம்பும் செங்கல் சல்லியும் போட்டு இடித்து, தட்டோடு பதித்தார்கள். அதே கொத்தனார். சுவரை அவர் அவசரப்பட்டு அடைக்கவில்லை. வீட்டைச் சுற்றித் தண்ணீர் அஸ்திவாரத்துக்குள் இறங்காமல் ஓட, வாட்டம் பார்த்து சிமெண்டுத் தளம் ஒன்று போட்டுவிட்டு, ஒரு மழையும் ஒரு கோடையும் போகட்டும் என்று சொல்லிவிட்டார். உள்ளே இருந்த சில்லறையை எடுத்துத் தரச் சொல்லி மகள் அழுதாள். கம்பியால் குத்திப் பார்த்தார், ரெண்டு ரூபாய்தான் வந்தது.

அந்த வருசம் ஐப்பசியில் மேகம் திரண்டு திரண்டு குண்டாற்றுப் பக்கமாகவே போனது. கார்த்திகையிலும் தூறலோடு சரி. அண்ணாச்சி மொட்டைமாடிக்கு ஏறி, வரிசை தவறாமல் சிவப்பாகக் கிடந்த தட்டோட்டில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அங்கும் இங்கும் நடந்து பார்த்தார். வானத்தைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"பாத்தீகளா? இந்த மழைக்குப் போயி அம்பதாயிரத்தக் கொட்டிட்டோமே தம்பி!"