பூட்டுத்திரை யார் கையில்?

சுங்கை பாக்காப் வட்டாரத்திலிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கைப்பேசியின் பூட்டுத்திரை பற்றியவை.

*பூட்டுத்திரையில் முருகன் படம் வைத்தேன். கடிகாரம் நேராக அவர் முகத்தில் வந்து உட்காருகிறது. என்ன செய்ய? – இல்லத்தரசி, சுங்கை பாக்காப்*

முருகன் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் அம்மா, கடிகாரத்தை நகர்த்துங்கள். பூட்டுத்திரையை அழுத்திப் பிடித்தால் திருத்தும் பக்கம் வரும். சாம்சங்கில் 2023இல் வந்த ஒன் யுஐ 6 முதல் கடிகாரத்தை விரும்பிய இடத்துக்கு இழுக்கலாம். ஐபோனில் 2022 முதல், முகத்தை முன்னுக்குக் கொண்டுவந்து மணியைப் பின்னால் தள்ளும் வசதி உண்டு. ஆனால் படத்தைப் பொறுத்துத்தான் அது வேலை செய்யும்.

*சாப்பாட்டு மேசையில் போன் கிடந்தால் வங்கிச் செய்தி, கிளினிக் செய்தி எல்லாம் வீடு முழுக்கத் தெரிகிறது. பூட்டியும் என்ன பயன்? – ஆசிரியை, நிபோங் திபால்*

நியாயமான கோபம். அறிவிப்புகள் பூட்டுத்திரைக்கே வந்தது ஆண்ட்ராய்டில் 2014இல், ஐந்தாம் பதிப்பில். அப்போதே மூன்று வழிகள் தந்தார்கள்: எல்லாம் காட்டு, அந்தரங்கமானதை மறை, எதையும் காட்டாதே. அமைப்புகளில் 'அறிவிப்புகள்' பகுதிக்குப் போய் இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். செய்தி வந்தது தெரியும், உள்ளே என்ன என்பது தெரியாது.

முகம் பார்த்துத் திறக்கும் ஐபோன்களில் தொடக்க அமைப்பே இதுதான். உங்கள் முகத்தைக் கண்ட பிறகே வரிகள் விரியும். எனக்குப் பிடித்த வடிவமைப்பு இது. மறைப்பதற்குப் பயனர் தேடி அலைய வேண்டியதில்லை. காட்ட விரும்புகிறவர் மாற்றிக்கொள்ளட்டும். ஒரே போனைப் பாட்டியும் பேரனும் எடுக்கும் வீடுகள் நம்முடையவை. தனி மனிதர் ஒருவர், தனிப் போன் ஒன்று என்ற கணக்கில் வரைந்த திரை இங்கே பொருந்தாது.

பணப் பரிமாற்றத்தை உறுதிசெய்ய வங்கி அனுப்பும் டேக் (TAC) எண் பூட்டுத்திரையில் தெரியவே கூடாது. குறுஞ்செய்தி வழி எண் அனுப்புவதைக் கைவிடும்படி 2022இல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா வங்கிகளிடம் சொன்னது. இருந்தும் உங்களுக்கு அது குறுஞ்செய்தியில் வருகிறதென்றால் முதலில் மறைக்க வேண்டியது அதைத்தான். மோசடியில் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் மோசடிப் புகார் எண் 997ஐ அழையுங்கள்.

*நான் வைக்காத படமெல்லாம் பூட்டுத்திரையில் தானாக மாறுகிறதே, வைரஸா? – ஓய்வுபெற்றவர், ஜாவி*

பெரும்பாலும் வைரஸ் இல்லை, வியாபாரம். ஷாவ்மி போன் என்றால் 'வால்பேப்பர் கரௌசல்' என்று இருக்கும், அணைத்துவிடலாம். இந்தியாவில் பெங்களூரு இன்மொபி நிறுவனம் தொடங்கிய 'கிளான்ஸ்', போனைத் திறப்பதற்கு முன்பே செய்தியும் விளையாட்டும் காட்டுவதைப் பெருந்தொழிலாக்கியது. காசு கொடுத்து வாங்கியவரின் வாசலில் விளம்பரத் தட்டி வைப்பதற்கு அவரைக் கேட்க வேண்டும். கேட்காமல் வைப்பது தவறு.

*பூட்டுத்திரைக் கடிகாரத்தில் தமிழ் எண்கள் வருமா? – மாணவி, சிம்பாங் அம்பாட்*

2024இல் ஐஓஎஸ் 18 வந்தபோது ஆப்பிள் இந்தியாவுக்கு அறிவித்த எண்வடிவப் பட்டியலில் தெலுங்கு, கன்னடம், மலையாளம், வங்காளம், குஜராத்தி, சந்தாலி மொழியின் ஒல் சிக்கிகூட இருந்தன. தமிழ் இல்லை. அன்றாடத்தில் நாம் தமிழ் எண்களை எழுதுவதில்லை என்பது காரணமாகச் சொல்லப்படலாம். பழைய முறையில் பத்துக்கும் நூறுக்கும் தனிக்குறி உண்டு, சுழியம் இல்லை என்றும் சொல்லலாம். ஆனால் 2005இலேயே யூனிகோடில் தமிழ்ச் சுழியம் சேர்ந்துவிட்டது. நண்பகல் ௧௨:௦௦ என்று காட்டத் தடை ஏதுமில்லை.

இதில் எனக்கு ஆதங்கம் உண்டு. ஐபோனில் இருக்கும் 'தமிழ் சங்கம் எம்என்' எழுத்துருவை வடிவமைத்தவர் நம் நாட்டு முத்து நெடுமாறன்; முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளைத் தந்தவர். எழுத்து மலேசியத் தமிழரின் கையிலிருந்து போனது, எண் மட்டும் வரிசையில் நிற்கிறது. பயன்படுத்துகிறோமோ இல்லையோ, தேர்வுப் பட்டியலில் இருக்க வேண்டும். ஆப்பிளின் கருத்துப் பக்கத்தில் எழுதுங்கள், நானும் எழுதுகிறேன்.

*கல்லூரிப் பயிற்சிக்குப் பூட்டுத்திரை வடிவமைக்கிறேன். நிறைய வசதி கொடுத்தால் போதுமா? – மாணவர், பத்து காவான்*

போதாது தம்பி. 2012இல் ஆண்ட்ராய்டு 4.2 பூட்டுத்திரையில் விட்ஜெட்டுகளைத் தந்தது, 2014இல் எடுத்துவிட்டது. அதற்குள் பழகிக்கொண்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை. மறுபக்கம், 2017இல் ஐபோன் எக்ஸில் கீழே வந்த டார்ச், கேமரா பொத்தான்களை நீக்கவோ மாற்றவோ 2024 வரை வழியில்லை. பையில் டார்ச் தானாக எரிவதாக ஆண்டுக்கணக்கில் புலம்பினார்கள். இருபது எழுத்துரு கொடுத்துவிட்டு, வேண்டாத ஒரு பொத்தானை எடுக்க விடாதது கட்டுப்பாட்டைத் தருவதாகாது.

உன் வடிவமைப்பில் முதலில் நீக்கும் வழியை வரை. பிறகு, தவறாக மாற்றியவர் ஒரே தொடுதலில் பழைய திரைக்குத் திரும்பும் வழியை. இரவு ஷிப்ட் முடிந்து பகலில் தூங்குகிறவரை நினைத்துக்கொள்: ஒரு திரையில் மனைவி, அம்மா அழைப்பு மட்டும், எழுந்த பின் வேறு திரை. ஐபோன் 2022இலேயே பூட்டுத்திரையைக் கவனப் பயன்முறையோடு இணைத்துவிட்டது. அதை உன் பாட்டியே அமைக்கும் அளவுக்கு எளிதாக்கு, முழு மதிப்பெண் கேட்டு வாங்கு.

*அப்பாவுக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம். வெளியே மயங்கி விழுந்தால் பூட்டிய போன் உதவுமா? – மகன், சுங்கை பாக்காப்*

உதவும். ஐபோனில் 2014 முதல் மருத்துவ அடையாளம், ஆண்ட்ராய்டில் 2016 முதல் அவசரத் தகவல். நிரப்பி வைத்தால், பூட்டுத்திரையில் 'அவசரம்' என்பதைத் தொடுபவருக்கு மருந்து, ஒவ்வாமை, இரத்த வகை, உங்கள் எண் தெரியும். சுங்கை பாக்காப் மருத்துவமனைக்கு அவரைக் கொண்டுசெல்பவர் முன்பின் தெரியாதவராக இருக்கலாம். ஒன்று மட்டும்: போனை எடுக்கும் எவர் கண்ணிலும் அது படும். ஆகவே எதைப் போடுவது, எதை விடுவது என்று அப்பாவிடமே கேட்டுப் போடுங்கள்.