சவரிக்காட்டு மேட்டில் டைமிங்

பழனி அடிவாரத்தில் டாக்ஸி என்றால் அம்பாசிடர்தான் என்றிருந்த காலம் அது. பங்குனி உத்திரம் முடிந்து வெயில் ஏறியதும், சாமி கும்பிட்ட கையோடு கொடைக்கானலுக்குக் கிளம்பும் கூட்டம் வண்டி தேடி வரும். மலைப்பாதை சுமார் 64 கிலோமீட்டர். வரதமாநதி அணையைத் தாண்டினால் பெருமாள்மலை வரை மேடும் கொண்டை ஊசி வளைவும்தான். ஏழெட்டுப் பேரையும் கேரியரில் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு போன வண்டி, மறுநாள் காலையில் எங்கள் பட்டறை வாசலில் நிற்கும்.

"மேஸ்திரி, சவரிக்காட்டு மேட்டுல கிணுகிணுன்னு தட்டுதுங்க."

மேஸ்திரி, பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்தனுப்பும் டெல்கோவின் மூடியைக் கழற்றி, பாயிண்ட் இடைவெளியை பிலர் கேஜ் போட்டுப் பார்ப்பார். நான் ஹேண்டில் போட்டு இன்ஜினை மெதுவாகச் சுற்ற வேண்டும். சின்ன பல்பு ஒன்றின் ஒரு ஒயர் டெல்கோவில், இன்னொன்று பாடியில். பாயிண்ட் விலகும் கணத்தில் பல்பு எரியும். அந்த இடத்தில் இறுக்கினால் கம்பெனி சொன்ன டைமிங். அவர் அதோடு விடமாட்டார். இன்ஜினை ஓடவிட்டு, கிளாம்ப்பைத் தளர்த்தி, தலையைச் சாய்த்துக் கேட்டபடியே இரண்டு விரலால் டெல்கோவை ஒரு முடியளவு திருப்புவார்.

"இறக்கி வச்சிருக்கேன். மேட்டுல நல்லா மிதிச்சுப் பாருங்க. லேசாத் தட்டி உடனே அடங்கணும். தட்டவே இல்லைன்னாலும் வாங்க, ரொம்ப இறங்கிருச்சுன்னு அர்த்தம்."

தட்டாத வண்டியையும் திரும்பக் கொண்டுவரச் சொன்னாரே, அதில் மொத்த வித்தையும் இருக்கிறது. பெட்ரோலும் காற்றும் எரிந்து முடியக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதனால் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே ஸ்பார்க் விழ வேண்டும். 3,000 ஆர்.பி.எம். வேகத்தில் ஒரு டிகிரி என்பது நொடியில் 18,000-இல் ஒரு பங்கு. டைமிங் இறங்கி ஸ்பார்க் பிந்தினால் வண்டி இழுக்காது, சூடாகும். முந்தினால், தீ போய்ச் சேராத மூலையில் நசுங்கிக் கிடக்கும் கலவை தானாகவே வெடிக்கும். அந்தச் சத்தம்தான் கிணுகிணு, இங்கிலீஷில் நாக்கிங். அன்றைக்கு பங்கில் ஊற்றிய சாதாரண பெட்ரோல் 87 ஆக்டேனை ஒட்டியது, சித்திரை வெயில் வேறு. மேஸ்திரியின் காது மட்டும் இல்லையென்றால் எத்தனை பிஸ்டன் ஓட்டையாகியிருக்கும்!

இப்போது அதே மேட்டில் என் தம்பி மகன் ஓட்டுவது 1 லிட்டர் டர்போ வென்யூ கார். 2019-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வரத் தொடங்கிய வண்டி. மூன்றே சிலிண்டர், 120 குதிரைத்திறன். ஒன்றரை லிட்டர் அம்பாசிடரின் பழைய பெட்ரோல் இன்ஜினுக்கு அதில் பாதிகூடக் கிடையாது. டர்போ காற்றை அமுக்கித் திணிக்கிறது. அமுக்கிய காற்று சூடாகும். இன்டர்கூலர் எவ்வளவு தணித்தாலும் நாக்கிங் அபாயம் அம்பாசிடரைவிட அதிகம். ஆனால் திருப்புவதற்கு டெல்கோ இல்லை. ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயில், அவ்வளவுதான்.

கேட்கும் வேலையை இன்ஜின் பிளாக்கில் போல்ட் போட்டு இறுக்கிய நாக் சென்சார் செய்கிறது. அதிர்ந்தால் மின்சாரம் கொடுக்கும் ஒரு படிகம். தட்டல் கேட்டதும் அந்த சிலிண்டருக்கு மட்டும் கம்ப்யூட்டர் டைமிங்கைச் சில டிகிரி இறக்கி, பிறகு மெல்ல மெல்ல ஏற்றிப் பார்க்கிறது. ஸ்வீடனின் சாப் கம்பெனியில் பேர் கில்பிராண்டு குழுவினர் 1980-களின் தொடக்கத்திலேயே இப்படிக் கேட்டு டர்போ அழுத்தத்தைக் குறைக்க வழி செய்தார்கள். வண்டிக் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓ.பி.டி. கருவியைச் செருகி போனில் பார்த்தேன். சமதளத்தில் முப்பது டிகிரியை ஒட்டி நின்ற டைமிங், மேட்டில் பூஸ்ட், அதாவது டர்போ அழுத்தம், ஏறியதும் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. எங்கள் மேஸ்திரி பார்த்திருந்தால் கண் கலங்கியிருப்பார். அவர் விரலால் தேடிய எல்லையை இது ஓயாமல் தேடுகிறது.

இந்தக் கம்ப்யூட்டர் மேல் கைவைத்து, ரீமேப் என்று பூஸ்ட்டையும் டைமிங்கையும் சேர்த்து ஏற்றிக்கொள்ளும் இளைஞர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. நல்ல பெட்ரோல் கிடைக்காத நாளுக்கும் மே மாத மலைக்கும் என்று கம்பெனி விட்டுவைத்த இடைவெளியைத்தான் அவர்கள் காசு கொடுத்துத் தீர்க்கிறார்கள்.

சென்சாராலும் தடுக்க முடியாத ஒன்று உண்டு. பஸ்ஸுக்குப் பின்னால் மூன்றாவது கியரில் 1,500 ஆர்.பி.எம்.மில் ஊர்ந்துகொண்டே ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தால், சில நேரம் ஸ்பார்க் விழும் முன்பே கலவை பற்றிக்கொள்ளும். அப்போது டைமிங்கை இறக்கி என்ன பயன்? ஒரே அடியில் பிஸ்டன் உடையலாம். ஆகவே டர்போ வண்டிக்காரர்களே, மலையில் முதலில் ஒரு கியர் இறக்குங்கள், பிறகு மிதியுங்கள். இந்தக் கோளாறில் ஆயிலுக்கும் பங்குண்டு. அதை மாற்றும்போது, வண்டியின் கையேடு சொல்லும் கிரேடில் வாங்கி, டப்பாவில் ஏ.பி.ஐ. எஸ்.பி. என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். 2020-இல் வந்த அந்தத் தரத்தில் இந்தக் கோளாறுக்கென்றே ஒரு சோதனை இருக்கிறது.