கழுத்தில் ஒரு மூச்சு வாசல்

கேள்வி: ‘கழுத்தில் ஓட்டை போட்டு டியூப் வைக்கணும்’ என்று டாக்டர் சொன்னதும் வீடே அழுதுவிட்டது. கடைசிக் கட்டமா?

பதில்: இல்லவே இல்லை. வாய்க்குள் குழாயோடு நாள்கணக்கில் வென்டிலேட்டரில் கிடப்பவருக்கு இந்த டிராக்கியோஸ்டமி பெரிய ஆறுதல். வாய் விடுதலையாகும், மயக்க மருந்தைக் குறைக்கலாம், எழுப்பி உட்கார வைக்கலாம். தேவை தீர்ந்து குழாயை எடுத்துவிட்டால் பெரும்பாலும் ஓட்டை தானாகவே மூடிக்கொள்ளும். கையெழுத்துப் போடும் முன் டாக்டரிடம் ஒன்றைக் கேளுங்கள்: “எப்போது எடுக்கப் பார்ப்பீர்கள்?”

கேள்வி: அப்பா வாயசைக்கிறார், சத்தமே வரவில்லை. குரல் போய்விட்டதா?

பதில்: நாதஸ்வரத்தின் சீவாளி நன்றாக இருந்தும் ஊதும் காற்று அதைத் தொடாவிட்டால் நாதம் ஏது? குரல்நாண்கள் மேலே இருக்கின்றன. காற்றோ அவற்றுக்குக் கீழே, குழாய் வழியாகவே வெளியேறிவிடுகிறது. அமெரிக்காவில் டேவிட் மியூர் என்ற இளைஞர், தசைநார் தேய்வு நோயால் கழுத்துக் குழாயும் வென்டிலேட்டருமாக வாழ்ந்தவர், 1980களில் ஒருவழி வால்வு ஒன்றை உருவாக்கினார். உள்ளே இழுக்கும்போது திறக்கும். வெளியே விடும்போது மூடிக் காற்றைக் குரல்வளைக்கு அனுப்பும். அது அப்பாவுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். ஆனால் வால்வை மாட்டும் முன் குழாயைச் சுற்றியுள்ள ‘கஃப்’ பலூனிலிருந்து காற்றை முழுக்க இறக்கியே ஆக வேண்டும். இல்லையென்றால் இழுத்த மூச்சுக்கு வெளியே போக வழியில்லை, உயிருக்கே ஆபத்து.

கேள்வி: அந்த பலூனை எவ்வளவு ஊதுவது?

பதில்: விரலால் அமுக்கிப் பார்த்துச் சொல்லக் கூடாது. மானி வைத்துப் பார்க்க வேண்டும்: 20 முதல் 30 செ.மீ. நீர் அழுத்தம். கூடினால் மூச்சுக்குழாய்ச் சுவருக்கு ரத்த ஓட்டம் தடைப்படும்.

கேள்வி: வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ராத்திரி கண்ணை மூடவே பயமாக இருக்கிறது.

பதில்: பயம் நியாயமானது, அம்மா. ஆனால் பெரும்பாலான ஆபத்து ஒரே இடத்திலிருந்து வருகிறது: காய்ந்த சளி. நாம் இழுக்கும் காற்றை மூக்குதான் சூடாக்கி ஈரமாக்கும். குழாய் அந்த மூக்கைத் தாண்டிவிடுகிறது. அதனால்தான் ஈரப்பதம் தரும் வடிகட்டியோ நெபுலைசரோ தருகிறார்கள். ‘எதற்கு இது’ என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

பெரியவர்களின் டியூபுக்குள் பெரும்பாலும் கழற்றக்கூடிய உள்குழாய் ஒன்று இருக்கும். அதை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஓரத்தில் மஞ்சளாகப் பசைபோல் ஒட்டியிருக்கிறதே, அதுதான் எதிரி. நாளுக்குப் பலமுறை பார்த்து, மருத்துவமனையில் சொல்லித்தந்தபடி கழுவுங்கள். மூச்சு விசிலடித்தாலோ அவர் தவித்தாலோ முதல் வேலை உள்குழாயை உருவுவது. பாதி ஆபத்து அங்கேயே தீரும். அடுத்து சக்‌ஷன், ஒரு தடவைக்கு 10 நொடிக்குமேல் வேண்டாம். சளி உறிஞ்சும் குழாயும் உள்ளே இறங்கவில்லையா, உடனே ஆம்புலன்ஸ்.

கட்டில் தலைமாட்டில் ஒரு பை மாட்டுங்கள். அதில் அதே அளவில் ஒரு டியூப், ஒரு சைஸ் சிறியதாக இன்னொன்று. கழுத்து நாடாவுக்குள் ஒரு விரல் நுழைய இடம் இருக்கட்டும். டியூப் வெளியே வந்துவிட்டால் மாட்டும் முறையை டிஸ்சார்ஜுக்கு முன்பே நர்ஸ் பக்கத்தில் இருக்க, உங்கள் கையால் செய்து பழகியிருக்க வேண்டும். பழகவில்லையென்றால் நாளைக்கே போய்க் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

கேள்வி: இந்தக் குழாய்க்கு வரலாறு உண்டா?

பதில்: 1952, கோபன்ஹேகன். போலியோ பரவி, பிளெக்டம் மருத்துவமனையில் நோயாளிகள் மூச்சுத் திணறி இறந்துகொண்டிருந்தார்கள். மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன் 12 வயதுச் சிறுமி ஒருத்திக்குக் கழுத்தில் குழாய் பொருத்தச் செய்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கி மூச்சுக் கொடுத்தார். அவள் பிழைத்தாள். பிறகு சுமார் 1,500 மாணவர்கள் முறைவைத்து, மாதக்கணக்கில் இரவும் பகலும் பையை அமுக்கினார்கள். இன்றைய ஐசியூ பிறந்த இடம் அதுதான்.

கேள்வி: பேரன் தாத்தா பக்கத்தில் போகலாமா?

பதில்: கட்டாயம் போகட்டும். முகப் பவுடரும் ஊதுபத்திப் புகையும் மட்டும் அந்த அறைக்குள் வேண்டாம். போகும்போது கையில் ஒரு சிலேட்டும் பலப்பமும் கொடுத்தனுப்புங்கள்.