பூசணிக்காய்க்கு ஒரு படப்பிடிப்பு

ஊரில் நிபுணர் ஆவதற்குப் படிப்பு வேண்டியதில்லை. மைத்துனன் ஒருவன் இருந்தால் போதும். நான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மேலகரத்தில் வீடு. சீசன் முடிந்து குற்றாலத்தில் கூட்டம் குறைந்ததும் அங்குள்ள குரங்குகள் எங்கள் பக்கத்துத் தோப்புகளுக்கு விருந்து வரும். அவற்றைக் கண்காணிக்க மொட்டை மாடியில் ஒரு கேமரா மாட்டினேன். ஒரு கடுவன் அதன் கழுத்தைத் திருகி வானத்தைப் பார்க்க வைத்துவிட்டுப் போனது. அன்று முதல் எங்கள் வீட்டு டிவியில் சாரல் மேகத்தை நேரலையாகப் பார்க்கலாம். இந்தத் தகுதியின் பேரில்தான், தென்காசியில் சின்னதாக ஆஸ்பத்திரி கட்டிக்கொண்டிருந்த என் டாக்டர் மைத்துனன், ஆபரேஷன் தியேட்டருக்கு வீடியோ ரெக்கார்டிங் கருவி தேர்ந்தெடுக்கும் வேலையை என்னிடம் ஒப்படைத்தான்.

"அத்தான், கேமரா விஷயத்துல நீங்கதான் விவரம் தெரிஞ்சவிய" என்றான்.

"விவரம் தெரிஞ்சவிய மாட்டுன கேமராவுல நேத்து நல்ல மேகம்லா" என்று அடுப்படியிலிருந்து பதில் வந்தது. உடன்பிறந்தவனை எச்சரிக்க வேண்டியது என் மனைவியின் கடமை. அவன்தான் கேட்கவில்லை.

2019 நவம்பர் 22-இல் தென்காசி தனி மாவட்டமானதிலிருந்தே எங்கள் ஊருக்குக் கொஞ்சம் கெத்து வந்துவிட்டது. முன்பெல்லாம் வயிற்றுவலி கொஞ்சம் கூடினால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடுவோம். இப்போது தென்காசியிலேயே கிழித்துத் தைக்க ஆள் உண்டு. கிழிப்பதைப் படம் எடுக்கவும் வேண்டும் என்பது புதுசு. எதற்கு என்று மைத்துனனைக் கேட்டேன். சின்ன டாக்டர்களுக்குச் சொல்லிக் கொடுக்க, மாநாட்டில் போட்டுக் காட்ட, நாளைக்கு யாராவது கேஸ் போட்டால் எடுத்து நீட்ட என்றான். மூன்றாவதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது.

நான் உடனே பிக்சல் கணக்கில் இறங்கினேன். வாத்தியார் புத்தி. ஃபுல் எச்டி என்றால் 1920-ஐ 1080-ஆல் பெருக்க வேண்டும்: 20,73,600 புள்ளி. ஃபோர்-கே என்றால் 3840 பெருக்கல் 2160: 82,94,400. சரியாக நான்கு மடங்கு. நான்கு மடங்கு நல்லது என்று கொட்டேஷன் காகிதத்தின் ஓரத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். கம்பெனிப் பிரதிநிதிகள் என் கணக்கைக் கண்டு பூரித்துப் போனார்கள். ஒவ்வொருவரும் பேச்சைப் பிரானூர் பார்டரில் வைத்துக்கொள்ளலாமே என்றார்கள். பரோட்டாவும் நாட்டுக்கோழிச் சால்னாவும் எதிரில் இருக்கும்போது எந்த இயந்திரமும் நல்ல இயந்திரமாகத்தான் தெரிகிறது. அந்த மாதம் நான் மிக விரிவாக ஆராய்ச்சி செய்தேன்.

பூரிப்பைக் கெடுத்தவன் தியேட்டர் டெக்னீஷியன், செங்கோட்டைப் பையன். "ஐயா, நம்ம லேப்ராஸ்கோப்பி கேமரா ஃபுல் எச்டிதான். ரெக்கார்டர மட்டும் ஃபோர்-கே வாங்கினா, உள்ள படத்த இழுத்துப் பெருசாக்கித்தான் வைக்கும். பெட்டி நிறையும், வேற ஒண்ணுமில்ல."

அவன் அதோடு விடவில்லை. துளை போட்டுச் செய்யும் ஆபரேஷனுக்குத் தனியாகக் கேமராவே வேண்டாம் என்றான். வயிற்றுக்குள் போகிற குழலின் மறுமுனையில் ஏற்கெனவே ஒரு கேமரா இருக்கிறது. டாக்டர் டிவியைப் பார்த்துத்தான் வேலை செய்கிறார். அந்தக் கம்பியில் ஒரு கிளை பிரித்து ரெக்கார்டரில் செருகினால் முடிந்தது. ஒரு காலத்தில் டாக்டர் மட்டும் குழலில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்ப்பாராம். உதவிக்கு நிற்பவர்கள் அவர் முதுகைப் பார்ப்பார்களாம். கேமரா வந்த பிறகுதான் எல்லாரும் ஒரே படத்தைப் பார்த்து வேலை செய்ய முடிந்தது. மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் தெஹம்டன் உத்வாடியா 1990-இல் இந்த முறையில் பித்தப்பையை எடுத்தார். இந்தியாவில் அதுதான் முதல் தடவை. கண் ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான்: மைக்ராஸ்கோப்புக்குள் வெளிச்சத்தைப் பிரித்து ஒரு பங்கைக் கேமராவுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

இதைக் கேட்டதும் என் கையிலிருந்த கொட்டேஷன்களில் பாதி குப்பைக்குப் போயின. அவற்றோடு சில பரோட்டா வாக்குறுதிகளும்.

மிச்சம் இருந்தது, வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷன். அதற்கு மேலிருந்து கேமரா வேண்டும். டெமோ வைத்தார்கள். கட்டில்மேல் கிடத்த நோயாளி இல்லை. திறப்பு விழாவில் உடைக்க வாங்கி வைத்திருந்த திருஷ்டிப் பூசணிக்காயைக் கிடத்தி, வெள்ளைத் துணி போர்த்தி, விளக்கைப் போட்டார்கள். டிவியில் பூசணிக்காயைக் காணோம். வெறும் வெள்ளை. தியேட்டர் விளக்கு நடுவில் 40,000 முதல் 1,60,000 லக்ஸ் வரை வெளிச்சம் தர வேண்டும் என்பது சர்வதேசத் தர விதி. நாம் உட்கார்ந்து எழுதும் ஆபீசுக்கு 500 போதும். மத்தியான வெயிலே லட்சத்தை ஒட்டித்தான். அத்தனை வெளிச்சம் வெள்ளைத் துணியில் பட்டால் சாதாரணக் கேமரா கண்ணை மூடிக்கொள்ளாமல் என்ன செய்யும்? பச்சைத் துணியாக மாற்றியதும் பூசணிக்காய் தரிசனம் தந்தது. தியேட்டரில் பச்சையும் நீலமும் ஏன் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சிவப்பையே பார்த்துச் சோர்ந்த கண்ணுக்கு ஆறுதல், கேமராவுக்கும் ஆறுதல்.

தரிசனமும் நீடிக்கவில்லை. மைத்துனன் கத்தியோடு குனிந்தான். அதன்பின் டிவியில் தெரிந்ததெல்லாம் அவனுடைய தொப்பி. உத்தரத்தில் மாட்டும் கேமராவின் தலையெழுத்து அது. விளக்கின் கைப்பிடிக்குள்ளேயே கேமரா வைத்தால் தொல்லை பெருமளவு குறையும், விலை மட்டும் குறையாது. நெற்றியில் கட்டும் சின்னக் கேமராவையும் பார்த்தோம். டாக்டர் நர்ஸைத் திரும்பிப் பார்த்தால் படமும் திரும்புகிறது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தால் கடிகாரம். பின்னால் பார்க்கிறவனுக்குத் தலை சுற்றும்.

எங்கள் தெருக் கல்யாண வீடியோக்காரர் கேள்விப்பட்டு வந்தார். பாதி விலைக்கு எடுத்துத் தருவதாகவும் டிரோன் ஷாட் இலவசம் என்றும் சொன்னார். "பித்தப்பை வெளிய வார எடத்துல ஒரு பாட்டுப் போட்டுக்கிடலாம் அண்ணாச்சி." நான் சிரித்தேன். பிறகு 1902-ஐப் பற்றிப் படித்தபோது சிரிப்பு நின்றது. பாரீஸில் டுவாயன் என்ற சர்ஜன் 1898 முதலே தன் ஆபரேஷன்களைச் சினிமாவாக எடுத்து வந்தவர். 1902 பிப்ரவரியில், ஒட்டிப் பிறந்து சர்க்கஸில் காட்சிப் பொருளாகத் திரிந்த ஒடிசாச் சிறுமிகள் ராதிகாவையும் டூடிகாவையும் அறுத்துப் பிரித்தார், அதுவும் படமானது. காசநோய் கண்டிருந்த டூடிகா சில நாளில் இறந்தாள், ராதிகா மறு வருஷம். படத்தைக் கேமராக்காரர் பிரதி போட்டு விற்றுவிட்டார். டாக்டர் பாடமாக எடுத்தது திருவிழாக் கொட்டகையில் வேடிக்கையாக ஓடியது. டுவாயன் வழக்குப் போட்டு 1905-இல் ஜெயித்தார். அந்தப் பிள்ளைகளின் சம்மதத்தை யார் கேட்டார்கள்? வீடியோக்காரருக்குக் காப்பி கொடுத்து மரியாதையாக அனுப்பி வைத்தேன்.

நம் ஊர்க் கதையும் உண்டு. 2007-இல் மணப்பாறையில் 15 வயதுப் பையன் சிசேரியன் செய்வதைப் படமெடுத்து, டாக்டர்களான பெற்றோரே அதை மருத்துவச் சங்கத்தின் உள்ளூர்க் கூட்டத்தில் பெருமையாகப் போட்டுக் காட்டினார்கள். கின்னஸில் இடம் பிடிக்கும் ஆசை. கிடைத்தது விசாரணை. சாட்சியைத் தாங்களே எடுத்துத் தாங்களே திரையிட்ட கேஸ் அது.

மைக் வேண்டுமா என்பதில் எனக்கும் மைத்துனனுக்கும் வாக்குவாதம். பாடம் சொல்லிக் கொடுக்கக் குரல் வேண்டும் என்றான். நான் ஒரு சம்பவத்தைச் சொன்னேன். அமெரிக்காவில் வர்ஜீனியாவில் ஒருவர் 2013-இல் குடல் பரிசோதனைக்குப் போனார். வீட்டில் போட்டுக் கேட்க டாக்டரின் அறிவுரையைப் பதியலாமென்று போனில் ரெக்கார்டிங்கைப் போட்டவர் அதை அணைக்காமலே மயங்கிவிட்டார். எழுந்து கேட்டால், மயக்க டாக்டர் தன்னைக் கண்டபடி கிண்டலடித்தது முழுக்கப் பதிவாகியிருந்தது. 2015-இல் ஜூரி கொடுக்கச் சொன்ன நஷ்ட ஈடு 5 லட்சம் டாலர். இதைச் சொன்னதும் மைத்துனன் கொஞ்சம் யோசித்து, "தியேட்டர்ல நான் ஒங்களப் பத்தித்தான் பேசுவேன் அத்தான்" என்றான். மைக் கிடையாது என்று முடிவாயிற்று.

வாங்கும்போது யாரும் பேசாத விஷயங்களுக்குத்தான் கடைசியில் மதிப்பு. எச்டிஎம்ஐ கம்பி யாராவது காலால் இடறினால் கழன்றுவிடும். எஸ்டிஐ கம்பியை முறுக்கிப் பூட்டலாம். கை கழுவி உறை மாட்டிய டாக்டர் பொத்தானைத் தொட முடியாது, அதனால் காலால் மிதிக்கும் பெடல் வேண்டும். வீட்டுக்கு வாங்கும் ரெக்கார்டரை நோயாளிக்கு ஒன்றரை மீட்டருக்குள் வைக்கலாகாது. அதன் மின்கசிவு, மருத்துவக் கருவிக்கு உரிய அளவுக்குள் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஒரு மணி நேர ஃபுல் எச்டி படம், நொடிக்கு 10 மெகாபிட் வீதம், நாலரை ஜிபி. பழைய முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவ் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பை ஏற்காது. இந்தக் கணக்கு ஒன்றைத்தான் நான் சொந்தமாகப் போட்டேன், சரியாகவும் வந்தது.

கரண்ட் தொல்லையும் உண்டு. சுரண்டைப் பக்கம் போனால் கண்ணுக்கு எட்டிய வரை காற்றாலை சுற்றுகிறது. அப்படியிருந்தும் எங்கள் தெருவில் காற்று பலமாக அடித்தால் கரண்ட் போய்விடும். பாதியில் நின்ற வீடியோ கோப்பு பல கருவிகளில் திறக்கவே திறக்காது. துண்டு துண்டாகச் சேமிக்கும் கருவியும் யுபிஎஸ்ஸும் வேண்டும். சாரல் ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பூக்கும், உலர் பெட்டி வேண்டும். குழல் வயிற்றுக்குள் போனதும் ஏன் மங்குகிறது என்று நான் கேட்டதற்கு மட்டும் என் மனைவி பதில் சொன்னாள்: சாரலில் நின்று சுடு டீயை வாய்க்குக் கொண்டுபோனால் மூக்குக் கண்ணாடி மங்கவில்லையா, அதுதான். மைத்துனனும் ஆமாம் என்றான்; குழலை வெந்நீரில் காட்டிவிட்டு உள்ளே விடுவார்களாம்.

கடைசியில் வாங்கியது: எஸ்டிஐ வாயில் உள்ள ஃபுல் எச்டி மருத்துவ ரெக்கார்டர், பெடல், யுபிஎஸ், பூட்டுப் போட்ட அலமாரியில் இரண்டு ஹார்ட் டிஸ்க். விளக்குக் கேமரா அடுத்த வருஷம். தேர்ந்தெடுத்தது செங்கோட்டைப் பையன். கொட்டேஷனில் கையெழுத்துப் போட்டது நான். பூசணிக்காய்க்கு மேலெல்லாம் கத்திக் கீறல் இருந்ததால் திறப்பு விழாவுக்கு வேறு வாங்க வேண்டியதாயிற்று.

வாசகர்களுக்கு ஒன்று. நோயாளியை அடையாளம் காட்டும் படத்தை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்று மருத்துவர்களுக்கான 2002-ஆம் வருஷ நெறிமுறை சொல்கிறது. சொந்தத் தகவல்களுக்கு 2023-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. உங்கள் வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் என்றால், கையெழுத்துப் போடும் படிவத்தில் படம் எடுப்பது பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், எதற்கு எடுக்கிறார்கள், யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று கேளுங்கள். பதில் கிடைத்த பிறகு பேனாவைத் திறங்கள்.