8 வாட்டு மாப்ளே!

ஹாலுக்குள்ள ஆரஞ்சு வெளிச்சம் தெரிஞ்சதும் ஏதோ பூசை நடக்குதுன்னு தோள் துண்ட எறக்கி இடுப்புல கட்டிட்டுல்ல வந்தேன் மாப்ளே! கிட்ட வந்து பாத்தா வால்வு ஆம்ப்ளிஃபயர். 300பி வால்வு, சைடுக்கு 8 வாட்டு. பேஷ். வெலைய நான் கேக்கல, ஒம் பொண்டாட்டி காதுல விழுந்துரும்.

நல்ல சரக்குதான். அமெரிக்காவுல 1930கள்ல சின்னச் சின்ன சினிமாக் கொட்டகையெல்லாம் இந்த மாதிரி 8 வாட்டுல ஓடியிருக்கு. ஆனா அவன் தெரைக்குப் பின்னால ஆள் ஒசரத்துக்கு ஹாரன் ஸ்பீக்கர் நிறுத்தியிருந்தான். நீ நிறுத்தியிருக்கது என்ன? பிபிசிக்காரன் 1970கள்ல ஒலிபரப்பு வேனுக்குள்ள ஒக்காந்து கேக்கச் செஞ்ச எல்.எஸ். 3/5ஏ ஸ்பீக்கர். அதுவும் ஒசத்திதான். ரெண்டையும் ஒண்ணாக் கட்டிவைக்கச் சொன்ன புண்ணியவான் யாருன்னுதான் தெரியல.

ஸ்பீக்கர் சீட்டுல சென்சிட்டிவிட்டின்னு ஒரு வரி இருக்கும் ராசா. ஒரு வாட்டு குடுத்து, ஒரு மீட்டர் தள்ளி அளந்தா எத்தன டெசிபல்னு. மரத்தோட பாலீஷப் பாத்த நேரத்துக்கு அதப் படிச்சிருக்கலாம். ஒம் பொட்டிக்கு 82, 83. பால் கிளிப்ஷ் 1946ல கொண்டாந்த மூலை ஹாரனுக்கு 105 பக்கம். டெசிபல் 3 ஏறணும்னா வாட்டு ரெண்டு மடங்கு வேணும். 10 ஏறணும்னா பத்து மடங்கு. கணக்குப் போடு. அந்த ஹாரன் 1 வாட்டுல போடுற சத்தத்த ஒம் பொட்டி போட 150, 200 வாட்டு ஆகும். குடுத்துப் பாத்துறாத, சத்தத்துக்கு முந்திப் பொகை வந்துரும்.

மொறைக்காத. ராத்திரி பக்கத்துல ஒக்காந்து வீணை கேக்க 8 வாட்டு தாராளம். தவிலுக்குத் தனி விட்டாத்தான் தெரியும் சேதி. அடி விழுற அந்த நொடிக்கு சராசரியப்போல பத்து மடங்கு வாட்டு கேக்கும். இல்லாத வாட்டுக்கு ஆம்ப்ளிஃபயர் எங்க போகும்? அலையோட தலைய வெட்டிட்டு அனுப்பும். அதுக்குப் பேருதான் கிளிப்பிங். பெரிய ஆம்ப்ளிஃபயருதான் ஸ்பீக்கரக் கொல்லும்னு பயப்படுவீக. நான் மைக் செட் கட்டுன காலத்துல, சின்ன ஆம்ப்ளிஃபயர முழுசாத் திருகிவிட்ட பயலுகதான் யூனிட்ட எரிச்சானுக.

அதுக்காக பஜார்ல 2000 வாட்டுன்னு ஸ்டிக்கர் ஒட்டுனதத் தூக்கிட்டு வந்துறாத. பக்கத்துல பொடி எழுத்துல பிஎம்பிஓன்னு இருக்கும். பின்பக்கம் திருப்புனா கரண்டு எடுக்குறது 60 வாட்டும்பான். 60 வரும்படியில 2000 செலவு பண்றவன் நம்ம தெருவுல எவன் இருக்கான்? தொடர்ந்து குடுக்குற ஆர்எம்எஸ் வாட்டு எத்தன, எத்தன ஓமுக்குன்னு கேளு. 4 ஓம் பொட்டி 8 ஓமப்போல ரெண்டு மடங்கு கரண்ட இழுக்கும். எளச்ச ஆம்ப்ளிஃபயர் சூடேறிப் படுத்துரும்.

வால்வுதான் வேணும்னா 95க்கு மேல உள்ள ஸ்பீக்கராப் பாரு. பீரோவ நகத்தித்தான் எடம் பண்ணணும். வீட்டுல அனுமதி நீயே வாங்கிக்க. சின்னப் பொட்டியே போதும்னா, 50 வாட்டுல நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் ஒண்ணு. வெளிச்சம் வராது, அதான் ஒனக்கு வருத்தம்.

ஒண்ணு மட்டும். ஸ்பீக்கர் ஒயரக் கழட்டிட்டு இந்த வால்வ ஓடவிடாத, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வெந்துரும். விக்கிறதா இருந்தா மொதல்ல மாமங்கிட்டச் சொல்லு. பழைய குழாய் ஸ்பீக்கர் ரெண்டு எங்கிட்ட சும்மாதான் கெடக்கு.