நாற்பது லிட்டர் சமுத்திரம்

திருவான்மியூரில் எங்கள் எதிர்வீட்டு சார் கண்ணாடித் தொட்டியில் கடல் வளர்க்கிறார். நாற்பது லிட்டர். பத்து நிமிஷம் நடந்தால் நிஜக் கடலே இருக்கிறது. ஆனால் அதற்கு மூடி கிடையாதே! நெம்மேலியில் கோடிகளைக் கொட்டி உப்பை நீக்கிக் குழாயில் விடுகிறார்களே, அந்தத் தண்ணீரை ஆர்.ஓ.வில் இன்னொரு தரம் வடிகட்டுகிறார். பிறகு லிட்டருக்கு 35 கிராம் சீமை உப்பைக் கலந்து பழையபடி கடலாக்குகிறார். இதுவல்லவா உழைப்பு! மீனுக்கு 26 டிகிரி தாண்டக் கூடாது. கரண்ட் போனால் இன்வெர்ட்டர் சில்லருக்கு, பனையோலை விசிறி மாமியாருக்கு. நியாயம்தானே, மாமி நீந்துவதில்லை.

பவளத்தைப் பார்த்து அசந்துபோனேன். "பிளாஸ்டிக் சார்," என்றார் தாழ்ந்த குரலில். நிஜப் பவளத்தை 2001-லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலியோடு ஒரே அட்டவணையில் சேர்த்துவிட்டார்களாம்.

வாராவாரம் நாலு லிட்டர் பழைய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றுகிறார். கடலுக்கும் ஒரு பிடி உப்பு போகட்டுமே!